எம்ஜிபி ஜிடியில் வி8 இன்ஜின் வைக்கலாமா?

கேள்வி: நான் இங்கிலாந்தில் கோவென்ட்ரியில் வசிக்கிறேன். என்னிடம் 1972ஆம் ஆண்டு எம்ஜிபி ஜிடி (மூடிய கூரை உள்ள எம்ஜி ஸ்போர்ட்ஸ் கார்) ஒன்று இருக்கிறது. குரோம் பம்பர், நான்கு கியர், ஓவர்டிரைவ் (வேகமாகப் போகும்போது இன்ஜின் சுற்றைக் குறைக்கும் கூடுதல் கியர்) இல்லாத வண்டி. இப்போது ஆயில் குறைகிறது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் நீலப் புகை வந்து, கொஞ்ச நேரத்தில் நின்றுவிடுகிறது. மோட்டார்வேயில் 70 மைல் வேகத்தில் போனால் இன்ஜின் கத்துகிற கத்தலில் பக்கத்தில் இருப்பவரோடு பேச முடியவில்லை. தெரிந்தவர் ஒருவர் 1980களின் ரேஞ்ச் ரோவரிலிருந்து கழற்றி வைத்த 3.5 லிட்டர் வி8 இன்ஜினை 400 பவுண்டுக்குத் தருவதாகச் சொல்கிறார். கம்பெனியே அப்படிப் போட்டு விற்றதாம், நேராக உட்கார்ந்துவிடுமாம். இன்னொரு நண்பர் மஸ்டா எம்எக்ஸ்-5 இன்ஜின்தான் நல்லது என்கிறார். எதைப் போடலாம்? வரி விலக்கு, எம்ஓடி (வருடாந்திர வாகனச் சோதனை) விலக்கு எல்லாம் போய்விடுமா?

பதில்: உங்களுக்குத் தெரிந்தவர் சொன்னதில் முதல் பாதி சரி. கம்பெனி போட்டு விற்றது உண்மைதான். நேராக உட்காரும் என்பதைத்தான் ஒப்புக்கொள்ள முடியாது. அதற்கு அப்புறம் வருகிறேன். முதலில் உங்கள் வண்டிக்கு என்ன நோய் என்று பார்த்துவிடலாம். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் இருக்கிற இன்ஜின் செத்துவிட்டதாகத் தெரியவில்லை.

காலையில் மட்டும் நீலப் புகை, பிறகு நின்றுவிடுகிறது என்றால், இரவு முழுக்க வால்வு கைடு வழியாக ஆயில் சொட்டுச் சொட்டாகக் கீழே இறங்கியிருக்கிறது என்று பொருள். அது ஹெட் வேலை. பிஸ்டன் ரிங் தேய்ந்திருந்தால் சூடான பிறகும், ஆக்சிலேட்டரை அழுத்தி மேட்டில் ஏறும்போதும் புகை தள்ளும். ஏதாவது ஒரு பட்டறையில் நான்கு சிலிண்டருக்கும் கம்ப்ரஷன் டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்கள். நன்றாகச் சூடான பிறகு ஆயில் பிரஷரையும் பாருங்கள். ஓட்டத்தில் 50 பிஎஸ்ஐக்கு மேல், ஐடிலில் 15க்குக் குறையாமல் இருந்தால் அடிப்பாகம் இன்னும் பல வருடம் ஓடும். ஹெட்டை இறக்கும்போது எக்ஸாஸ்ட் வால்வுகளுக்குக் கடினமான புது சீட்டும் போட்டுவிடுங்கள். அந்தக் கால இரும்பு ஹெட், ஈயம் கலந்த பெட்ரோலை நம்பிச் செய்தது.

இனி அந்தக் கத்தல். உங்கள் பின் ஆக்சிலின் விகிதம் 3.9, அதாவது தண்டு 3.9 சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று சுற்றும். ஓவர்டிரைவ் இல்லாத கியர் பெட்டியில் நாலாவது கியர் நேரடி, இன்ஜின் சுற்றும் வேகத்திலேயே தண்டும் சுற்றும். ஆயிரம் ஆர்பிஎம்முக்கு வண்டி சுமார் 18 மைல் வேகம்தான் போகும். அதாவது 70 மைலுக்கு ஏறக்குறைய 3,900 ஆர்பிஎம். இதில் இன்ஜினின் குற்றம் எதுவும் இல்லை, பல்சக்கரக் கணக்கு அது. இதே பெட்டி, இதே ஆக்சிலோடு அந்த வி8-ஐ இறக்கினால் அதுவும் 70 மைலில் 3,900தான் சுற்றும். சத்தம் நாலு சிலிண்டரிலிருந்து எட்டு சிலிண்டருக்கு மாறும், அவ்வளவுதான்.

இன்ஜின் மாற்றுகிறேன் என்று வருபவர்களில் பலருக்கு உண்மையில் வேண்டியது வேறு கியர்தான். உங்களுக்கும் அப்படியா என்று ஒருமுறை யோசித்துப் பாருங்கள். வேகமும் இழுவையும் வேண்டுமா, அல்லது ஸ்காட்லாந்து வரை காது வலிக்காமல் போக வேண்டுமா? இரண்டுக்கும் வைத்தியம் வேறு, செலவும் வேறு.

வி8 ஆசை தவறு என்று சொல்லவில்லை. எம்ஜிபிக்கு அந்த இன்ஜின் பொருந்தியதைப் போல வேறெந்த இன்ஜினும் பொருந்தியதில்லை என்பது என் கருத்து. அதற்குக் காரணம் எடை. 1961இல் அமெரிக்காவில் ப்யூக் காருக்காக ஜெனரல் மோட்டார்ஸ் செய்த 215 கன அங்குல அலுமினிய வி8 அது. வார்ப்பில் தொல்லையும் செலவும் அதிகம் என்று 1963இல் அவர்கள் நிறுத்திவிட்டார்கள். ரோவர் கம்பெனியின் வில்லியம் மார்ட்டின்-ஹர்ஸ்ட், அமெரிக்காவில் படகு இன்ஜின் செய்யும் மெர்க்குரி மரீன் ஆலையில் அதைப் பார்த்து, உரிமையை வாங்கி வந்தார். 1967 முதல் ரோவர் கார்களில் வந்தது. 1968இல் மார்கன் பிளஸ் 8, 1970இல் ரேஞ்ச் ரோவர் என்று அதன் பயணம் நீண்டது. 3,528 சிசி, எட்டு சிலிண்டர் இருந்தும், எடையில் உங்கள் 1,798 சிசி இரும்பு இன்ஜினுக்குக் கிட்டத்தட்ட சமம்தான்.

எடையை மறந்தால் என்ன ஆகும் என்பதற்கும் எம்ஜியிடமே உதாரணம் உண்டு. 1967இல் எம்ஜிசி என்ற பெயரில் இதே உடலில் மூன்று லிட்டர் ஆறு சிலிண்டர் இரும்பு இன்ஜினைத் திணித்தார்கள். முன்பக்கம் கிட்டத்தட்ட 95 கிலோ கூடிவிட்டது. முன் சஸ்பென்ஷனையே மாற்ற வேண்டியிருந்தது, பானெட்டில் மேடு வைக்க வேண்டியிருந்தது. அப்படியும் வளைவில் மூக்கு வெளியே தள்ளுகிறது என்று பத்திரிகைகள் எழுதித் தீர்த்தன. 1969இல் நிறுத்திவிட்டார்கள். எந்த இன்ஜினை யார் சிபாரிசு செய்தாலும் குதிரைத்திறனைக் கேட்பதற்கு முன் அது எத்தனை கிலோ என்று கேளுங்கள்.

அப்புறம்தான் கென் காஸ்டெல்லோ. கென்ட் பகுதியில் எம்ஜிபிக்குள் இந்த ரோவர் வி8-ஐ வைத்து அவர் விற்கத் தொடங்கினார். அப்போது எம்ஜியின் உரிமையாளராக இருந்த பிரிட்டிஷ் லேலண்ட் அவருடைய வண்டியை வரவழைத்துப் பார்த்தது. பிறகு எம்ஜியின் ஆபிங்டன் ஆலையில் தானே செய்ய ஆரம்பித்தது. 1973 முதல் 1976 வரை 2,591 வண்டிகள். 137 குதிரைத்திறன், 193 பவுண்டு-அடி முறுக்குவிசை, அதுவும் 2,900 ஆர்பிஎம்மிலேயே. உங்கள் இன்ஜினில் முறுக்குவிசை 110 அளவில்தான். அந்த நாளில் கம்பெனி வி8-ஐ ஜிடியில் மட்டும்தான் போட்டது, திறந்த கூரை வண்டியில் போடவில்லை. உங்களுடையது ஜிடி. அது பின்னால் சட்ட விஷயத்தில் உதவும்.

கம்பெனி இன்ஜினை மட்டும் மாற்றிவிட்டு நின்றுவிடவில்லை என்பதைத்தான் உங்களுக்குத் தெரிந்தவர் சொல்லாமல் விட்டார். உள் மட்கார்டுகளையும் இன்ஜினுக்குப் பின்னால் உள்ள சுவரையும் மாற்றி அமைத்தார்கள். ரேடியேட்டரை முன்னால் தள்ளி இரண்டு மின்விசிறி வைத்தார்கள். கார்புரேட்டர் மேலே துருத்தினால் பானெட் மூடாது என்பதால் தனி இன்டேக் மானிஃபோல்டு (காற்றும் பெட்ரோலும் இன்ஜினுக்குள் போகும் குழாய்க் கூட்டு) வார்த்து, இரண்டு எஸ்யூ கார்புரேட்டரையும் இன்ஜினுக்குப் பின்னால் கொண்டுபோனார்கள். ஆயில் ஃபில்டருக்கு அதன் இடத்தில் இடமில்லை, தள்ளி வைத்து ஹோஸ் போட்டார்கள். முன் பிரேக் டிஸ்க்கின் தடிமனைக் கூட்டினார்கள், காலிப்பரைப் பெரிதாக்கினார்கள். ஆக்சில் விகிதத்தை 3.9இலிருந்து 3.07க்கு மாற்றினார்கள். ஓவர்டிரைவும் சேர்ந்ததால் 70 மைலில் அந்த வண்டி சுமார் 2,500தான் சுற்றும். நீங்கள் ஆசைப்படும் அமைதி அங்கேதான் இருக்கிறது.

உங்களுடையது 1972 வண்டி என்பது இன்னொரு சிக்கல். 1974 கடைசியில் கறுப்பு ரப்பர் பம்பர் வந்த பிறகு, எல்லா எம்ஜிபிக்கும் வி8-க்கு ஏற்ற முன்கூட்டையே கம்பெனி பயன்படுத்தியது. அழகில்லை என்று பலர் ஒதுக்குகிற அந்த ரப்பர் பம்பர் வண்டிகளில்தான் வி8 சுலபமாக இறங்கும். குரோம் பம்பர் வண்டியில் வெட்டாமல், தட்டாமல் நடக்காது. முக்கியமாக எக்ஸாஸ்ட் மானிஃபோல்டும் (புகை வெளியேறும் குழாய்க் கூட்டு) ஸ்டீயரிங் தண்டும் ஒரே இடத்துக்குச் சண்டை போடும். இன்ஜினை ஒட்டியபடி இறங்கும் மானிஃபோல்டு வைத்தால் இடம் கிடைக்கும், ஆனால் சூடு முழுக்க பானெட்டுக்குள் தங்கிவிடும். 1992இல் ஆர்வி8 என்று இதே உடலைப் புதுப்பித்துக் கொண்டுவந்தபோது, குழாய்களை உள் மட்கார்டில் ஓட்டை போட்டு வெளியே எடுத்தார்கள். இன்று வி8 மாற்றும் பலரும் அந்த வழியைத்தான் பின்பற்றுகிறார்கள். நானும் அதையே சொல்வேன். ஏனென்றால் இந்த மாற்றத்தில் பட்டறைக்குத் திரும்பி வரும் வண்டிகளில் பெரும்பாலானவை சூட்டுப் பிரச்சினையோடுதான் வருகின்றன. ரேடியேட்டரில் காசு மிச்சம் பிடிக்காதீர்கள்.

அந்த 400 பவுண்டு இன்ஜினுக்கு வருவோம். ரோவர் வி8 முரடான இன்ஜின்தான், ஆனால் ஆயில் மாற்றாமல் ஓட்டினால் மன்னிக்காது. ராக்கர் கவர் இரண்டையும் கழற்றச் சொல்லுங்கள். உள்ளே கறுப்பு மண்டி படிந்திருந்தால் ஹைட்ராலிக் டேப்பட்டும் கேம்ஷாஃப்டும் தேய்ந்திருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்டேக் மானிஃபோல்டையும் எடுத்து கேம் லோபைக் கண்ணால் பார்க்க முடிந்தால் இன்னும் நல்லது. முனை மழுங்கியிருந்தால் கேம், டேப்பட், டைமிங் செயின், ஆயில் பம்ப் எல்லாமே புதிதாக வேண்டும். பழைய 14 போல்ட் ஹெட்டில் வெளி வரிசை போல்ட்டுகளை அளவுக்கு மீறி இறுக்கியதால் கேஸ்கெட் கசிவதும் சகஜம். அதோடு ரேஞ்ச் ரோவர் இன்ஜினில் கம்ப்ரஷன் குறைவு, மானிஃபோல்டு உயரம். அந்த மானிஃபோல்டை அப்படியே வைத்தால் உங்கள் பானெட் மூடாது. ஒன்று எம்ஜிக்கு ஏற்ற மானிஃபோல்டு தேட வேண்டும், அல்லது மேடு வைத்த பானெட் போட வேண்டும். வாட்டர் பம்பின் நீளமும் வண்டிக்கு வண்டி மாறும், அளந்து பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். 3.9, 4.6 லிட்டர் என்று பிற்காலத்தில் வந்த பெரிய இன்ஜின்களை யாராவது காட்டினால் கூடுதல் கவனம் தேவை. சிலிண்டர் லைனருக்குப் பின்னால் பிளாக்கில் விரிசல் விடும் வழக்கம் அவற்றுக்கு உண்டு.

கியர்பாக்ஸ் விஷயத்தில் கம்பெனியே கொஞ்சம் சறுக்கியது. வி8-இலும் எம்ஜிபியின் நாலு கியர் பெட்டியைத்தான் வலுப்படுத்திப் போட்டார்கள். அந்த முறுக்குவிசைக்கு அது விளிம்பில் நிற்கிற பெட்டி. இன்று செய்வதாக இருந்தால் ரோவர் எஸ்டி1 காரில் இதே இன்ஜினோடு வந்த ஐந்து கியர் எல்டி77 பெட்டியைப் பார்க்கலாம். கியர் பெட்டிக்காகத் தரையின் நடுவே மேடாக ஓடும் நடுச் சுரங்கத்தில் கொஞ்சம் தட்ட வேண்டியிருக்கும், புரொப்பல்லர் தண்டின் நீளம் மாறும். உங்கள் வண்டியில் இருக்கும் குழாய் வகை ஆக்சில் தாங்கும், உள்ளே இருக்கும் கிரவுன் வீல், பினியன் பல்சக்கர ஜோடியை 3.07க்கு மாற்றுங்கள். பின்னால் லீஃப் ஸ்பிரிங்தான் என்பதால் சடாரென்று கிளட்ச்சை விட்டால் ஆக்சில் துள்ளும். அதற்குத் தடுப்புக் கம்பி கிடைக்கிறது.

இத்தனையையும் கூட்டிப் பார்த்தால், என் அனுபவத்தில் இன்ஜினின் விலை மொத்தச் செலவில் கால் பங்குகூட வராது. கல்யாணச் செலவில் தாலியின் விலை மாதிரிதான். மலிவாக இன்ஜின் கிடைத்தது என்பது இந்த வேலையைத் தொடங்குவதற்கு ஒரு காரணமே இல்லை. பாதியில் நின்று, பெட்டி பெட்டியாகப் பாகங்களோடு விற்பனைக்கு வரும் வண்டிகள் பெரும்பாலும் இப்படித் தொடங்கியவைதான்.

எம்எக்ஸ்-5 இன்ஜின் யோசனையைக் குறை சொல்ல மாட்டேன். மஸ்டா இன்ஜின் வைத்த எம்ஜிபி அருமையாக ஓடும். ஆபிங்டனில் உள்ள ஃபிரன்ட்லைன் நிறுவனம் 2012இல் எம்ஜிபியின் ஐம்பதாவது ஆண்டுக்காக மஸ்டா 2.0 லிட்டர் இன்ஜினோடு எல்இ50 என்று ஒன்றைச் செய்தது, 200 குதிரைத்திறனுக்கு மேல். ஆனால் அது முழுக்க முழுக்க மறுபடி கட்டிய வண்டி. வீட்டில் செய்வதென்றால் இன்ஜின் கம்ப்யூட்டர், வயரிங், ஃபியூயல் பம்ப், திரும்பு குழாய் என்று மின்சார வேலை ஏராளம். அந்த வேலை கைவந்தவராக இருந்தால் மட்டும் யோசியுங்கள். எம்எக்ஸ்-5இன் ஐந்து கியர் பெட்டியை மட்டும் எடுத்து எம்ஜி இன்ஜினோடு பொருத்தும் கிட்டும் இருக்கிறது. உங்களுக்கு அது பயன்படலாம்.

சரி, வரியும் எம்ஓடியும். 40 வருடம் தாண்டிய வண்டி என்பதால் உங்களுக்கு ஹிஸ்டாரிக் என்ற வரி விலக்கு வகை. இன்ஜின் மாற்றினால் புது இன்ஜின் எண், சிசி எல்லாவற்றையும் டிவிஎல்ஏவுக்கு (வண்டிப் பதிவு அலுவலகம்) தெரிவித்து லாக்புக்கில் திருத்த வேண்டும். எம்ஓடி விலக்கு கொஞ்சம் நுணுக்கமானது. கடந்த 30 வருடத்தில் வண்டியில் பெரிய மாற்றம் செய்திருந்தால் விலக்கு கிடையாது. இன்ஜினைப் பொறுத்தவரை, அந்த மாடலுக்குக் கம்பெனியே மாற்றாகக் கொடுத்த இன்ஜின் என்றால் அதைப் பெரிய மாற்றமாகக் கணக்கிடுவதில்லை. சிலிண்டர் எண்ணிக்கை மாறினால் பெரும்பாலும் அது மாற்று இன்ஜின் ஆகாது என்றும், ஆனால் எப்போதும் அப்படியல்ல என்றும் வழிகாட்டுதல் சொல்கிறது. எம்ஜிபி ஜிடி வி8 என்று கம்பெனி வண்டியே இருந்ததால் ரோவர் வி8-க்கு உங்கள் பக்கம் நல்ல வாதம் இருக்கிறது. மஸ்டாவுக்கு அந்த வாதம் கிடையாது. ஆனால் உடல் கூட்டை வெட்டுவது தனிக் கேள்வி. எம்ஜி கார் கிளப்பில் வி8-க்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது. வெட்டுவதற்கு முன் அவர்களிடம் பேசுங்கள், டிவிஎல்ஏவிடமும் எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

விலக்கு கிடைத்தாலும் வி8 வைத்த வண்டியை வருடம் ஒருமுறை எம்ஓடிக்குக் கொண்டுபோவதுதான் என் யோசனை. பிரேக்கை இன்னொரு கண் பார்ப்பது நல்லது. இன்சூரன்ஸ் கம்பெனிக்கு வேலை தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் விட்ட மாற்றத்தைக் காரணம் காட்டி விபத்தன்று கைவிரித்துவிட முடியும்.

இதையெல்லாம் தாண்டி ஒன்று: சில். எம்ஜிபிக்குத் தனி சேஸிஸ் கிடையாது. கதவுக்குக் கீழே ஓடும் சில்தான் முதுகெலும்பு. வெளியே பளபளவென்று இருந்து உள்ளே துரு தின்ற சில்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஜாக்கியில் ஏற்றி, கதவைத் திறந்து மூடிப் பாருங்கள். கதவின் இடைவெளி மாறினால் இன்ஜின் பேச்சை நிறுத்திவிட்டு வெல்டரைத் தேடுங்கள்.

நீங்கள் எழுதியதை மட்டும் வைத்துச் சொன்னால் என் முடிவு இது. வி8 வேண்டாம், இந்த வண்டிக்கு வேண்டாம். ஹெட்டைச் சரிசெய்து ஓவர்டிரைவ் உள்ள பெட்டியோ ஐந்து கியர் பெட்டியோ போடுங்கள். 70 மைலில் சுற்று 3,200 அளவுக்கு இறங்கும், பக்கத்தில் இருப்பவரோடு பேசலாம். எம்ஜிபியில் கியர்பாக்ஸைத் தனியாக இறக்க வழியில்லை, இன்ஜினும் சேர்ந்துதான் வெளியே வரும். அதனால் இரண்டு வேலையையும் ஒரே தடவையில் முடியுங்கள். டெஸ்டில் அடிப்பாகமும் தேய்ந்திருப்பது தெரிந்தால் அப்போதே சிலிண்டர்களைக் குடைந்து பெரிதாக்கி 1,950 சிசிக்கு ஏற்றிவிடலாம். மேட்டில் வித்தியாசம் நன்றாகத் தெரியும். பழைய ரப்பர் குழாய்களையும் அதோடு மாற்றுங்கள். 2021இலிருந்து வரும் இ10 பெட்ரோலில் எத்தனால் அதிகம், பழைய ரப்பரை அது கரைத்துவிடும். எத்தனால் குறைந்த இ5 கிடைக்கும் பெட்ரோல் பங்கில் போடுவது நல்லது.

இதற்குப் பிறகும் வி8 சத்தம் கேட்டே ஆக வேண்டும் என்றால், ஏற்கெனவே மாற்றிய வண்டி ஒன்றை வாங்குங்கள். ரப்பர் பம்பராக இருந்தாலும் பரவாயில்லை. அடுத்தவர் செலவழித்த தொகையில் பாதிக்குக்கூடக் கிடைக்கிறது. வாங்கும் முன் வெயில் நாளில் டிராஃபிக்கில் அரைமணி நேரம் ஓட்டிப் பாருங்கள், டெம்பரேச்சர் முள் ஏறாமல் இருக்க வேண்டும். உங்கள் 1972 குரோம் பம்பர் ஜிடியை வெட்டாமல் விட்டு வைக்கலாம்.

நான் சொல்வதைக் கேட்காமல் இதிலேயே வி8 போடுவதாக இருந்தால் (பலர் அப்படித்தான் செய்கிறார்கள், நானும் தடுப்பதில்லை), ஆக்சில், கியர்பாக்ஸ், பிரேக், ரேடியேட்டர், மானிஃபோல்டு ஆகியவற்றை முதலில் சேர்த்துவிட்டு இன்ஜினைக் கடைசியில் வாங்குங்கள். இறக்கிய பழைய இன்ஜினை இரும்புக் கடைக்குப் போடவோ விற்கவோ வேண்டாம். தண்ணீரை வடித்து, ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் ஆயில் ஊற்றி, எல்லா ஓட்டையையும் அடைத்து, எஸ்யூ கார்புரேட்டர்களோடும் மவுண்டிங்குகளோடும் கராஜ் மூலையில் வைத்துவிடுங்கள். பின்னாளில் வண்டியை வாங்க வருபவர் அதன் எண்ணைப் பழைய லாக்புக்கோடு ஒப்பிட்டுப் பார்க்கக் கேட்பார். அதற்கு விலையும் சேர்த்துக் கொடுப்பார்.